எங்க வீட்டுக்கு நாலு நாள் சுற்றுலா

மெதுவாத்தான் பேசுவேன், கொஞ்சம் கிட்ட வாங்க. நான் இப்ப இருக்கிற இடம் சட்டப்படி ஒரு இடிபாடு. சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேல இடிபாட்டுக்குள்ள ஆள் இருந்தா மூணு வருஷம் ஜெயில்னு வாசல்லயே பலகை நட்டிருக்காங்க. வெள்ளிக்கிழமை மத்தியானம் வரைக்கும் இது எங்க வீடு.

என் பேரு மார்லெனி பூமயல்லி. வயசு பதினாறு. இதயும் வெளிய சொல்லிடாதீங்க. ஏன்னா காகிதப்படி என் பேரு இங்கெபோர்க் ஹால்வர்சென், வயசு அம்பத்தெட்டு, ஊரு டென்மார்க்.

எங்க இடத்துக்கு வைராபாட்டான்னு பேரு. இன்கா ராஜாக்கள் காலத்துப் பாதை எங்க உருளைக்கிழங்குத் தோட்டத்த ஒட்டித்தான் போகுது. எங்கெங்கயோ இருந்து வர்றவங்க அதுல நாலு நாள் நடந்து மலைக்கு மேல இருக்கிற பழைய நகரத்தப் பாக்கப் போவாங்க. மூணாவது நாள் எங்க வாசலத் தாண்டுவாங்க. எங்க வீட்டுக் கீழ்ச்சுவரு இன்கா கல்லு. அதுக்கு மேல அப்பா வச்ச மண்கல்லு, அதுக்கும் மேல புல்லுக்கூரை. எங்க மலையில பாதி வீடு அப்படித்தான். கல்லு ஏற்கெனவே ஒழுங்கா நிக்குது, அத இடிச்சிட்டு வேற எதுக்குக் கட்டணும்?

பழம்பாதை ஆணையம்னு ஒண்ணு வந்து பன்னெண்டு வருஷமாச்சு. வந்த உடனே பாதையில கோவேறு கழுதை நடக்கக் கூடாதுன்னாங்க, குளம்பு பட்டா கல்லு தேயுமாம். சரின்னு கழுதைய வித்தோம். அடுத்து, பள்ளத்தாக்கு வழியா ஒரே நாள்ல வீட்டுக்கு வர்ற குறுக்குவழிய மூடினாங்க. அந்த வழி பழைய வரைபடத்துல இல்லயாம். நாங்க காலங்காலமா நடந்த வழி, வரைஞ்சவருக்குத் தெரியாமப் போச்சு. அப்புறம் பெரிய பாதையில கால் வைக்கவே அனுமதிச் சீட்டு வேணும்னாங்க. ஒரு நாளைக்கு ஐநூறு பேரு, ஆறு மாசம் முன்னாடியே வாங்கணும், கூட வழிகாட்டி இருக்கணும். பாதையோரம் குடியிருக்கிறவங்களுக்குச் சீட்டு வேண்டாம், குடியிருப்பு அட்டை போதும். அந்த அட்டைய ஆணையத்து ஆளு வீட்டுக்கே வந்து, வீட்டுக்குள்ள நிக்கிறவங்க கையில குடுப்பாரு. பன்னெண்டு வருஷமா இன்னும் யாரும் வரல.

அப்பா மழைக்காட்டுப் பக்கம் தங்கம் அரிக்கப் போயி ஆறு வருஷமா திரும்பல. வீட்டுல நானும் அம்மாவும்தான். போன மாசம் அம்மாவுக்குப் பித்தப்பையில கல்லுன்னு ஊரு ஆளுங்களோட தூக்கிட்டு வந்து நகரத்து ஆஸ்பத்திரியில சேத்தோம். வெளிய போறதுக்கு யாரும் சீட்டுக் கேக்கறதில்ல. வயித்தக் கிழிச்சுத் தையல் போட்டாங்க. அந்த நேரம் பாத்து ஆணையத்துல இருந்து கடிதாசி. “வைராபாட்டாவிலுள்ள கட்டுமானம் வீடா, இடிபாடா என்பதை வரும் வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு நேரில் ஆய்வு செய்து முடிவு செய்யப்படும். குடும்பத்தார் ஒருவர் உள்ளே நின்று கையெழுத்திட்டால் வீடு. இல்லையேல் இடிபாடு.” அவ்வளவுதான் விஷயம். வெள்ளிக்கிழமை மூணு மணிக்கு நான் வீட்டுக்குள்ள நிக்கணும்.

ஆணையத்து ஆபீசுக்கு ஓடினேன். மூணாம் நம்பர் ஜன்னல்ல ஒரு அக்கா. வீட்டுக்குப் போகணும்னு சொன்னேன்.

“குடியிருப்பு அட்டை?”

“அத வீட்டுக்கு வந்துதான் தருவீங்களாமே, அக்கா.”

“ஆமாம்மா.”

“அட்டை இல்லாம வீட்டுக்கு விட மாட்டேங்கறீங்களே.”

“அட்டை இல்லாம எப்படிம்மா விடறது?”

அவங்க கோவமா ஒண்ணும் பேசல. பாவம்னு பாத்து கம்ப்யூட்டர்ல தேடிக் குடுத்தாங்க. நவம்பர்ல ஒரு எடம் காலியாம். நாலு நாள், மூணு ராத்திரி, கூடாரம், சாப்பாடு, திரும்ப ரயிலு, மாணவருக்குச் சலுகை. ஒரு வண்ணத்தாளும் குடுத்து, “மூணாவது நாள் ரொம்ப அழகா இருக்கும், தவறவிடாதே”ன்னாங்க. தாள்ல மூணாவது நாளுக்குப் போட்டிருந்த படம் எங்க வீடு. துணி காயப்போட்ட கயிற மட்டும் அழிச்சிருந்தாங்க.

அப்பதான் எங்க அண்ணன் பெர்சிகிட்ட போனேன். பெர்சிக்கு இருவத்துநாலு வயசு. அந்தப் பாதையில வழிகாட்டி, ஆணையத்து உரிமம் வாங்கினவன், மூணு மொழி பேசுவான். அவன் படிக்கறதுக்காக அம்மா உழவு மாட்டையும் வித்து, நாலு வருஷம் ஒத்தப் போர்வையில படுத்தா. ஆஸ்பத்திரியில அம்மா எங்க ரெண்டு பேரு கையையும் பிடிச்சு ஒண்ணா வச்சு, “உன் தங்கச்சிய வெள்ளிக்கிழமைக்குள்ள வீட்டுல கொண்டுபோய் விட்டுடுடா, ராசா. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்”னா. பெர்சி அம்மா நெத்தியில முத்தம் குடுத்து, கவலப்படாத மம்மான்னான். எனக்கு அப்படியே தலையில இருந்து மலை எறங்கின மாதிரி இருந்துச்சு.

அவன் குழுவுல பதினாலு பேரு. அதுல இங்கெபோர்க்னு ஒரு டென்மார்க் அம்மா ஓட்டல் படியில வழுக்கிக் கணுக்கால ஒடைச்சுக்கிட்டாங்க. சீட்ட வேற பேருக்கு மாத்தவே முடியாது, ஆணையத்து விதி. “சீட்ட மாத்த முடியாது. ஆள மாத்தலாம்”னான் பெர்சி. பயமா இருந்துச்சு. பாஸ்போர்ட் நகல்ல இருக்கிறது நரைச்ச தலை, நீலக் கண்ணு. “யாரும் மூஞ்சியப் பாக்க மாட்டாங்க குட்டி, நம்பரத்தான் பாப்பாங்க”ன்னு சொல்லிட்டு, சோதனையில மாட்டினா வம்புன்னு என் அடையாள அட்டைய வாங்கித் தன் பையில வச்சுக்கிட்டான். நான்தான் எடுத்துக் குடுத்தேன். ரெண்டு கையாலயும்.

புதன்கிழமை காலையில முதல் சோதனைச் சாவடி. அங்க மேசையில உக்காந்திருந்தவரு தோன் சிப்ரியானோ. அவரு யாருன்னு நெனைக்கிறீங்க? எங்க வழக்கத்துல குழந்தைக்கு முதல் முடி வெட்டறவரு ஞானத்தகப்பன் ஆயிடுவாரு, சாகிற வரைக்கும் அந்த உறவு போகாது. என் முதல் முடிய வெட்டி, ஒரு பெட்டை ஆடு குடுத்தவரு இவருதான். எனக்கு உசுரே வந்துச்சு. ஞானப்பான்னு கூப்பிட வாயெடுத்தேன். அவரு நகலப் பாத்தாரு, என்னப் பாத்தாரு, மறுபடி நகலப் பாத்தாரு.

“வருக, சீமாட்டி ஹால்வர்சென்”னாரு.

முத்திரையக் குத்திட்டு, என் கண்ணப் பாக்காம தணிஞ்ச குரல்ல சொன்னாரு: “மூஞ்சி தெனமும் மாறும்மா. காகிதம் மாறாது. நாங்க மாறாததத்தான் நம்பணும்.” அப்புறம் ஆணையம் எல்லாப் பயணிகளுக்கும் சொல்லச் சொன்னத அப்படியே ஒப்பிச்சாரு. செடியப் பிடுங்கக் கூடாது, கல்ல எடுக்கக் கூடாது, உள்ளூர் மக்களப் பாத்தா தீனி போடக் கூடாது.

சுற்றுலா போறது கஷ்டமான வேலைங்க. அதுவரைக்கும் எனக்குத் தெரியாது. பெர்சி மத்த பதிமூணு பேருகிட்டயும் நான் மௌன விரதம்னு சொல்லிட்டான், பழைய நகரத்தக் கண்ணால பாக்கற வரைக்கும் பேச மாட்டேனாம். அதுக்கப்புறம் ஒரு மொட்டத்தலைக்காரரு காலையில என்னப் பாத்தாலே கைகூப்புவாரு. ஆஸ்திரேலியாக்கார அம்மா ஒருத்தங்க என் கையப் பிடிச்சுக்கிட்டு ரெண்டு தடவ அழுதாங்க. எதுக்குன்னு தெரியல, நானும் அழுதேன், அம்மா ஞாபகம் வந்துச்சு. அம்பத்தெட்டு வயசு டென்மார்க்காரி ஏன் இப்படி இருக்கான்னு யாரும் கேக்கல. பட்டியல்ல இருந்துச்சு, அவங்களும் நம்பிட்டாங்க.

ரெண்டாவது நாள் பெரிய கணவாய். நான் தெனமும் ஆடு மேய்ச்ச மேடு மாதிரி ஏறிட்டேன். மேல போயி ஒரு மணி நேரம் உக்காந்திருந்தேன். பெர்சி மூச்சிரைக்க வந்து காதுல திட்டினான்: “அறிவிருக்காடி? கொஞ்சம் திணறு. ஆணையத்துக் காவலாளி பாத்துட்டு இருக்கான். திணறாம ஏறினா உள்ளூர்னு தெரிஞ்சிடும்.” திரும்பக் கீழ எறங்கி ரெண்டு குச்சியையும் ஊணிக்கிட்டு நெஞ்சப் பிடிச்சிட்டு மறுபடி ஏறினேன். காவலாளி எனக்கு, உயரத்துல தலை சுத்தாம இருக்கக் குடிக்கிற கோக்கா இலைத் தண்ணி குடுத்து, உங்கள மாதிரி வயசானவங்க இவ்வளவு தூரம் வர்றதே பெருசுன்னாரு.

கூடாரத்துக்குப் போனா இன்னொரு சடங்கு. மூட்டை தூக்கறவங்க நமக்கு முன்னாடியே ஓடிப் போயி, கூடாரம் அடிச்சு, வரிசையா நின்னு, நாம வர்றப்ப கை தட்டணும். இருவது கிலோ தூக்கிட்டு வந்தவங்க, கைய வீசிட்டு வந்தவங்களுக்குக் கை தட்டறது. அந்த வரிசையில எங்க எவரிஸ்தோ மாமா இருந்தாரு, அம்மாவோட கூடப்பொறந்தவரு. தரையப் பாத்துக்கிட்டே எனக்குக் கை தட்டினாரு. காலையில கூடாரத்து வாசல்ல வெந்நீர்க் கிண்ணத்தோட நின்னாரு. மாமா நான்தான்னேன்.

“தெரியும்மா. தெரியாத மாதிரி இருக்கணும்னு உங்கண்ணன் சொல்லியிருக்கான். தண்ணி சூடு போதுமா, சீமாட்டி?”

அப்பயாவது எனக்கு உறைச்சிருக்கணும். உறைக்கல. நாளைக்கு வீட்டுல இருப்போம், பேரு திரும்ப வந்திடும்னு நெனச்சிக்கிட்டே மூஞ்சி கழுவினேன்.

வெள்ளிக்கிழமை ரெண்டரை மணிக்கு வைராபாட்டா வந்தாச்சு. நான் குச்சியப் போட்டுட்டு ஓடினேன். வாசல்ல போயி அப்படியே நின்னுட்டேன். கதவு இல்ல. உள்ள கட்டில் இல்ல, பானை இல்ல, மாடத்துல இருந்த ரேடியோ இல்ல, அம்மா கல்யாணப் படம் இல்ல. பெருக்கித் தொடைச்ச மாதிரி வெறும் கல்லு. திருடன் வந்துட்டான்னு நெனச்சேன். திரும்பிப் பெர்சியப் பாத்தேன். அவன் பதிமூணு பேரையும் அரைவட்டமா நிக்க வச்சு, கையத் தூக்கி ஆரம்பிச்சுட்டான்.

அவன் பேசினது முழுக்க எனக்குப் புரியல, ஆனா கைய நீட்டி நீட்டிக் காட்டினதுல பாதி தெரிஞ்சுது, மீதிய மொட்டத்தலைக்காரருக்காக ஸ்பானிஷ்லயும் சொன்னான். இங்க வாழ்ந்தவங்க யாருன்னு தெரியல. எதனாலயோ ஒரே நாள்ல எல்லாத்தையும் விட்டுட்டுப் போயிட்டாங்க. அம்மா உப்பும் சோப்பும் வைக்கிற மாடத்தக் காட்டி, முன்னோர்களோட பிணத்த உக்கார வச்சுக் கும்பிட்ட எடம்னான். அடுப்புக் கரி படிஞ்ச மூலையக் காட்டி, சூரியனுக்கு வேள்வி நடந்த எடம்னான். பெர்சி சின்ன வயசுல அந்த மூலையில காலச் சுட்டுக்கிட்டு மூணு நாள் கத்தினான்.

அந்த நேரம் எங்க கினிப்பன்னி ரெண்டு சுவரோரமா ஓடுச்சு. எலி மாதிரி சின்னது, நாங்க கறிக்காகச் சமையல்கட்டுல வளக்கிறது. எல்லாரும் படம் எடுத்தாங்க. இன்கா காலத்துல இங்க வாழ்ந்த கினிப்பன்னிகளோட நேரடி வாரிசுன்னான் பெர்சி.

மூணு மணிக்கு ஆணையத்து டாக்டர் சல்தீவார் வந்தாரு. எங்க பக்கம் ஆபீஸ்ல மேசை இருக்கிற எல்லாருக்கும் டாக்டர்னுதான் பேரு, ஊசி மட்டும் போட மாட்டாங்க. கூட ஒரு காவலாளி, பதிவேடு, மஞ்சள் நாடா. நான் வீட்டுக்குள்ள நடுவுல போயி நின்னுக்கிட்டேன். “டாக்டர், நான் மார்லெனி பூமயல்லி. இந்த வீட்டு ஆளு. கையெழுத்துப் போட வந்திருக்கேன்”னு எங்க கெச்சுவா மொழியிலயே சொன்னேன்.

அவரு ரொம்ப மரியாதையானவரு. கண்ணாடியப் போட்டு, பதிவேட்ட மூணு நாளுக்குப் பின்னாடி வரைக்கும் புரட்டினாரு. மார்லெனி பூமயல்லின்னு யாரும் பாதைக்குள்ள வரவே இல்லன்னாரு.

“பாதைக்குள்ள வராத ஒருத்தர் பாதையில இருக்கிற வீட்டுல எப்படிம்மா நிக்க முடியும்?”

“நின்னுட்டுத்தானே இருக்கேன், டாக்டர்.”

“நிக்கிறது சீமாட்டி ஹால்வர்சென்.” சிரிச்சாரு. “டென்மார்க்குல இருந்து வந்து எங்க கெச்சுவாவ இவ்வளவு சுத்தமாப் பேசறீங்க. எங்க புள்ளைங்களுக்கே வராது. மனசு நெறஞ்சிருக்கு.”

அடையாள அட்டை என் அண்ணன் பையில இருக்கு, அவனக் கேளுங்கன்னேன். டாக்டர் பெர்சியப் பாத்து, “வழிகாட்டி, இந்தப் பயணிய உங்களுக்குத் தெரியுமா?”ன்னாரு.

பெர்சி தோள்ல அந்தப் பை தொங்குது. நான் அதையே பாத்துட்டு இருந்தேன். ஜிப்ப இழுத்தா போதும்.

“என் குழுவுல பதினாலாவது ஆளு, டாக்டர்”னான். “உயரம் ஒத்துக்கல. ரெண்டு நாளா கொஞ்சம் உணர்ச்சிவசப்படறாங்க.”

டாக்டர் மூட்டை தூக்கறவங்க பக்கம் திரும்பி, இந்தம்மாவ யாருக்காவது தெரியுமான்னு கேட்டாரு. பதினெட்டுப் பேரு நின்னாங்க. பாதிப்பேரு எங்க அம்மா கையால சாப்பிட்டவங்க. எல்லாரும் செருப்பப் பாத்தாங்க. அடுத்த வாரம் வேலை குடுக்கிறது பெர்சிதான்.

அப்புறம் டாக்டர் பயணிகளப் பாத்து ஸ்பானிஷ்ல ஒரு சொற்பொழிவு பண்ணாரு, பெர்சி மொழிபெயர்த்தான். எனக்கு அது வார்த்தைக்கு வார்த்தை ஞாபகம் இருக்கு.

“நண்பர்களே, ஒரு இடத்தில் மனிதர்கள் வசிக்கும் வரை அதை எங்களால் பாதுகாக்க முடிவதில்லை. அவர்கள் சமைக்கிறார்கள், துணி காயப்போடுகிறார்கள், குழந்தை பெறுகிறார்கள். அவர்கள் போன பிறகுதான் பாரம்பரியம் தொடங்குகிறது. இங்கு வாழ்ந்த மக்களை ஆணையம் மிக உயர்வாக மதிக்கிறது. அந்த மதிப்பின் காரணமாகவே அவர்கள் திரும்பி வராமல் பார்த்துக்கொள்கிறோம்.”

எல்லாரும் கை தட்டினாங்க. மூட்டை தூக்கறவங்களும் பழக்கத்துல தட்டிட்டாங்க. அப்புறம் காவலாளி பலகைய நட்டாரு. “வைராபாட்டா இடிபாடு. வாழ்ந்தோர்: அறியப்படவில்லை. கண்டுபிடித்தவர்: வழிகாட்டி பெர்சி பூமயல்லி.” டாக்டர் பெர்சி கையக் குலுக்கி, போன வாரமே வந்து இடத்தச் சுத்தம் பண்ணி வச்சதுக்கு நன்றி சொன்னாரு. ஒரு இடிபாட்டக் கண்டுபிடிக்கிற வழிகாட்டிக்கு ஆணையத்துல நிரந்தர வேலையாம். கினிப்பன்னி ரெண்டையும் பதிவேட்டுல தனியா எழுதிக்கிட்டாங்க. அதுங்க பழைய குடிகளோட வாரிசுங்கறதால இங்கயே இருக்கலாமாம், யாரும் வெரட்டக் கூடாதாம். பேரு கூட கேக்கல அதுங்கள.

நான் பெர்சியச் சுவருக்குப் பின்னாடி இழுத்துட்டுப் போனேன். எதுக்குடா என்னக் கூட்டிட்டு வந்தேன்னு கேட்டேன். அவன் கோவப்படவே இல்ல. சின்னப் புள்ளைக்குக் கணக்குச் சொல்லித் தர்ற மாதிரி சொன்னான்.

“உன்ன வீட்டுல கொண்டுபோய் விடச் சொன்னா அம்மா. விட்டுட்டேன் இல்ல?”

“அம்மாவுக்கு இனிமே எங்கடா வீடு?”

“மார்லெனி, இது வீடா இருந்தப்ப யாரு பாத்தா இத? நீயே சொல்லு. இனிமே உலகமே வந்து பாக்கும். நம்ம பேரு பலகையில இருக்கு.”

நம்ம பேருன்னு சொன்னான். நான் போயி வீட்டுக்குள்ள, அந்த வேள்வி மூலையில உக்காந்துட்டேன்.

பலகை நட்டாச்சுன்னா இடிபாடு, ஒரு இடிபாட்டப் பாக்கப் பயணிகளுக்குப் பத்து நிமிஷம்தான். நேரம் முடிஞ்சதும் டாக்டர் தலைய எண்ணினாரு. பதிமூணு. பதினாலு பேரு உள்ள வந்தா பதினாலு பேரும் வெளிய போகணும், ஒண்ணு கொறைஞ்சா வழிகாட்டிக்கு உரிமம் போச்சு. எனக்கும் தெரியும், பெர்சிக்கும் தெரியும். அவன் கதவில்லாத வாசல்ல வந்து நின்னு முதல்ல, சீமாட்டி வாங்கன்னான். அப்புறம் பல்லக் கடிச்சிட்டு, வெளிய வாடின்னான். அப்புறம் கெஞ்சினான். அவன் கெஞ்சி நான் பாத்ததில்ல.

“என் பேர அவருக்குக் கேக்கற மாதிரி சொல்லு, அண்ணே. ஒரே ஒரு தடவ. வந்துடறேன்.”

அவன் என்னப் பாத்தான். உண்மையச் சொல்றேன், அந்த நேரம் சொல்லிடுவான்னுதான் நெனச்சேன். வாயத் தொறந்தான். என்ன முதுகுல தூக்கிட்டுக் கணவாய் ஏறினவன் அவன். எனக்குக் காய்ச்சல்னா அவன்தான் முழிச்சிருப்பான். நான் எழுந்திரிக்கக் கூட ஆரம்பிச்சுட்டேன்.

அவன் திரும்பி டாக்டர்கிட்ட போயி, “பதினாலாவது பயணி முதல் நாளே உடம்பு முடியாம கீழ எறங்கிட்டாங்க, டாக்டர். எழுதிக்க விட்டுப்போச்சு”ன்னான்.

டாக்டர் வீட்டு வாசலப் பாத்தாரு. நான் அதுக்குள்ள எழுந்து வந்து அங்கதான் நிக்கிறேன், வெயில் மூஞ்சியில அடிக்குது. என்னையே ரெண்டு நொடி பாத்துட்டு, “அப்படின்னா ஒன்பதாம் படிவம்”னாரு. படிவத்துல எழுதினாங்க. முதல் சாவடியில தோன் சிப்ரியானோ, வயர்லெஸ்ல கேட்டதும், ஆமா டாக்டர், நானே பாத்தேன், நொண்டிக்கிட்டே போனாங்கன்னாரு. அந்தக் குரல் எனக்கு நல்லாக் கேட்டுச்சு. என் முடிய வெட்டினப்போ, இவளுக்கு ஒண்ணுன்னா நான் இருக்கேன்னு சாமி முன்னாடி சொன்ன குரல்.

எல்லாரும் போனாங்க. ஆஸ்திரேலியாக்கார அம்மா மட்டும் கடைசியா ஓடி வந்து, முன்னோர்களுக்குப் படையல்னு நெலைப்படியில ஒரு இனிப்புக்கட்டி வச்சிட்டு, என்னப் பாத்துக் கண்ணத் தொடைச்சிட்டுப் போனாங்க. விரதத்துல நான் ரொம்ப தூரம் போயிட்டேன்னு நெனச்சிருப்பாங்க. எவரிஸ்தோ மாமா மூட்டைக் கயிறு அவுந்துடுச்சுன்னு குனிஞ்சு ரொம்ப நேரம் கட்டினாரு. அவரு போனப்புறம் பாத்தா கல்லு மேல ஒரு தீப்பெட்டி. நல்ல மனசுதான். ஆனா பத்த வச்சா புகை வரும், புகை வந்தா இடிபாட்டுல ஆள் இருக்குன்னு காவலாளி வந்திடுவாரு. தீப்பெட்டிய மடியில வச்சுக்கிட்டு பச்சத்தண்ணி குடிக்கிறேன். முன்னோர்களோட இனிப்பையும் நான்தான் தின்னேன்.

இன்னைக்கு ஞாயித்துக்கிழமை. நேத்து கட்டில் பானையெல்லாம் கிழங்குக் குழியில, சாக்கு போட்டு மூடி இருந்ததக் கண்டுபிடிச்சேன். அதுக்கு மேல பெர்சி கையெழுத்துல, மழைக்கு நனையக் கூடாதுன்னு எழுதியிருந்துச்சு. ஏனோ தெரியல, அதப் பாத்துத்தான் ரொம்ப அழுதேன்.

பலகைக்குப் பின்னாடி ஆணையத்து உத்தரவு ஒண்ணும் ஒட்டியிருக்கு. இடிபாடுன்னா கூரை இருக்கக் கூடாதாம், பாக்கறவங்களுக்குக் குழப்பமாம். நாளைக்குக் காலையில அஞ்சு பேரு வந்து புல்லு, உத்தரம், மண்கல்லு எல்லாத்தையும் பிரிக்கப் போறாங்க. ஆள் ஏற்பாடு: பெர்சி பூமயல்லி. நான் எங்கயும் போறதா இல்ல. போனா எந்தப் பேர்ல போறது? மார்லெனி உள்ளயே வரல, இங்கெபோர்க் அப்பவே கீழ எறங்கிட்டா. கூரையப் பிரிக்கிறவங்க மேல இருந்து பாத்தா கீழ நான் உக்காந்திருப்பேன். அவங்களும் நம்ம ஊரு ஆளுங்கதான். என்ன எழுதுவாங்கன்னு தெரியல.

மத்தியானம் மேட்டு மேல, சிக்னல் கெடைக்கிற பாறையில இருக்கிறப்ப அம்மா போன்ல கூப்பிட்டா. தையல் பிரிச்சாச்சாம், புதன்கிழமை விட்டுடுவாங்களாம். குரல் தெளிவா இருந்துச்சு. வீட்டுக்குள்ள நின்னியாடின்னா. நின்னேம்மான்னேன். டாக்டர் வந்தாரான்னா. வந்தாரு, ரொம்ப மரியாதையாப் பேசினாருன்னேன். அண்ணன் எங்க, அவன்கிட்ட குடுன்னா. பொய் சொன்னா அம்மாவுக்கு உடனே தெரிஞ்சிடும்.

“அண்ணன் இல்லம்மா. கூரை விஷயமா ஆள் ஏற்பாடு பண்ணியிருக்கான். நாளைக்கு வர்றாங்க.”

அந்தப் பக்கம் அம்மா அழறது கேட்டுச்சு.

“ரெண்டு மழைக்கு ஒழுகிச்சு, நான் அவன்கிட்ட வாயத் தொறந்து சொல்லக்கூட இல்லடி. அவனே பாத்துச் செய்யறான் பாரு. மாட்ட வித்தது வீண் போகல.”

ஆமாம்மான்னேன்.